கோலுக்குப் பால் உண்டோ?

தமிழிலே கோல் என்னுஞ் சொல் சிறிது. அதன் ஆட்சியோ பெரிது. அரசன் கையில் அது செங்கோல். நெறி பிறழ்ந்தாற் கொடுங்கோல். வணிகன் கையில் துலாக்கோல். புலவன் கையில் எழுதுகோல். தச்சன் கையில் அளவுகோல். முதியோன் கையில் ஊன்றுகோல். எங்கள் கொழும்புத்துறைக் கரையிலே, ஆழங் குறைந்த பரவைக் கடலில் வள்ளத்தைத் தாங்கிச் செலுத்துவதும் ஒரு கோலே. அதனை மரக்கோல் என்பர். இவற்றுள் எதற்கும் ஆண்பால் பெண்பால் என்ற அடைமொழி கிடையாது. செங்கோல் அரசன் கையில் இருந்தாலும் அரசி கையில் இருந்தாலும் செங்கோலே.

சென்ற தவணையில் ஒருநாள் பால்பகா அஃறிணைப் பெயர்களை விளக்கிக்கொண்டிருந்தேன். மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, கோல்ஃப் ஆடுகின்ற கோலில் ஆண்களுக்கு ஒருவகை, பெண்களுக்கு ஒருவகை என்று கடையிலே பிரித்து விற்கிறார்களாம். கோலுக்குப் பால் உண்டோ?" என்றாள். வகுப்புச் சிரித்தது. யான் சிரிக்கவில்லை. கேள்வி இலக்கணக் கேள்வி போலத் தோன்றினும், அதன் அடியிலே கிடந்தது வேறொன்று. எங்கள் பெண்பிள்ளைகள் விளையாட்டு மைதானத்தில் எதைப் பிடிக்கிறார்கள், அதை அவர்களுக்காக யார் தெரிந்தெடுக்கிறார்கள் என்பதே அது. ஆதலால் அவ்வினாவை ஒரு வகுப்பிலே முடித்துவிடாமல், இங்கே சற்று விரித்துரைக்கப் புகுந்தேன்.

முதற்கண் ஓர் எச்சரிக்கை. கோல்ஃப் என்பதும் கோல் என்பதும் ஒலியால் ஒத்திருத்தலைக் கண்டு, அவ்வாட்டம் தமிழிலிருந்து போந்தது என்று யாரேனும் முழங்கப் புறப்படலாம். வேண்டா. தடியைக் குறிக்கும் 'கொல்ஃப்' என்ற பழைய ஒல்லாந்தச் சொல்லோடு அதனைத் தொடர்புபடுத்துவோர் பலர். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றிய அதே ஒல்லாந்தரின் மொழி அது. ஸ்கொத்லாந்தில் 1457இலேயே அரசர் இரண்டாம் ஜேம்ஸ் காலத்துப் பாராளுமன்றம், மக்கள் வில்வித்தையை மறந்து இவ்வாட்டத்தில் மயங்குகின்றனர் என்று கண்டு அதனைத் தடைசெய்தது. தடை தோற்றது, ஆட்டம் வென்றது. சொல்லொப்புமை நமக்குத் தருவது ஒரு புன்முறுவல் மட்டுமே.

ஆட்டத்தின் இயல்பை அறியாதார் பொருட்டுச் சுருங்கக் கூறுவேன். சிறு பந்தொன்றைக் கோலால் அடித்து, தொலைவிலுள்ள குழியிலே வீழ்த்த வேண்டும். அடிகளின் எண்ணிக்கை குறையக் குறைய வெற்றி. ஒருவர் பதினான்கு கோல்கள்வரை கொண்டுசெல்லலாம். நெடுந்தூரம் அடிப்பதற்கு 'டிரைவர்' என்னும் நீண்ட கோல்; இடைத்தூரங்களுக்கு இரும்புத் தலைக் கோல்கள்; மணலிலிருந்து பந்தைக் கிளப்புதற்குச் சாய்ந்த முகமுடைய கோல்; குழியருகே உருட்டுதற்குப் 'பட்டர்' என்னும் குறுங்கோல். ஒவ்வொரு கோலுக்கும் பிடி, தண்டு, தலை என மூன்று உறுப்புக்கள் உள.

இனி வினாவுக்கு வருவோம். கடைகளில் ஆண்களுக்கென்றும் பெண்களுக்கென்றும் விற்கப்படும் கோல்களிடையே ஐந்து வேறுபாடுகள் உள. அவை நீளம், நிறை, நெகிழ்ச்சி, முகச்சாய்வு, பிடியின் பருமை என்பன. இவற்றுள் ஒன்றேனும் வெறும் அலங்காரமன்று. ஒவ்வொன்றுக்குங் காரணம் உண்டு.

நீளத்தை எடுத்துக்கொள்க. ஆண்களுக்கென விற்கப்படும் டிரைவர் பெரும்பாலும் 45 அங்குலத்தை அடுத்திருக்கும். பெண்களுக்கெனப்படுவது ஏறக்குறைய ஓரங்குலங் குறைந்திருக்கும். கோல் நீண்டால் அதன் தலை பெரிய வட்டத்திற் சுழலும், வேகங் கூடும். ஆனால் உயரங் குறைந்தவர் நீண்ட கோலைப் பிடித்தால் நிமிர்ந்து பின்வாங்க நேரும். கோலின் தலை நிலத்தில் ஒரு பக்கஞ் சாய்ந்து நிற்கும். பந்து முகத்தின் நடுவிற் படாது விளிம்பிற் படும். நடுவில் படாத அடிக்கு எவ்வளவு வேகம் இருந்தும் பயனில்லை.

அடுத்தது நிறை. ஆண்களின் இரும்புத் தலைக் கோல்களிலே உருக்குத் தண்டு நூறு கிராமையடுத்தும் அதற்கு மேலும் நிறுக்கும். பெண்களுக்கென்று செய்வனவற்றில் காரீய இழைத் தண்டே வழக்கம். அது பெரும்பாலும் அதன் அரைவாசியளவே நிறுக்கும். இழைத் தண்டுகள் 1970களின் தொடக்கத்திலே சந்தைக்கு வந்தன. அடியின் வலிமை நிறையைப் பொறுத்தது மட்டுமன்று. வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது என்பதை இயற்கை விஞ்ஞானம் பயிலும் மாணாக்கர் அறிவர். வேகம் இரட்டித்தாற் பயன் நான்மடங்காகும். ஆகவே தூக்க முடியாத நிறையைச் சுமந்து மெல்லச் சுழற்றுவதிலும், இயன்ற நிறையை விரைந்து சுழற்றுவது மேல்.

மூன்றாவது நெகிழ்ச்சி. கோலைச் சுழற்றுங்கால் அதன் தண்டு வில்போல் வளைந்து, பந்தைத் தொடும் வேளையில் நிமிர்கிறது. வேகமாகச் சுழற்றுவோருக்கு விறைத்த தண்டு வேண்டும். இல்லையேல் தலை தறிகெட்டு அலையும். மெல்லச் சுழற்றுவோருக்கு இளகிய தண்டு வேண்டும். இல்லையேல் அது வளையாது உலக்கைபோல் நிற்கும். நான்காவது முகச்சாய்வு. ஆண்களின் டிரைவர் முகம் 9 முதல் 10½ பாகை வரையும், பெண்களுக்கெனப்படுவது 12 பாகையும் அதற்கு மேலும் சாய்ந்திருத்தல் வழக்கம். பின்சுழற்சியோடு செல்லும் பந்தைக் காற்றுத் தாங்குகிறது. வேகங் குறைந்த பந்துக்கு அத்தாங்குதல் குறைவு. எனவே தொடக்கத்திலேயே அதனை மேனோக்கி அனுப்புதல் வேண்டும். ஐந்தாவது பிடி. சிறிய கைக்குப் பருத்த பிடி கொடுத்தால் மணிக்கட்டுத் தன் தொழிலைச் செய்யாது; பந்து இலக்கை விட்டு விலகும்.

இவ்வளவுங் கேட்டவர், "ஆகவே பெண்கோல் என ஒன்று உண்டு, வினா முடிந்தது" என்பர். முடியவில்லை. இங்கேதான் தொடங்குகிறது.

அவ்வாட்டத்தின் விதிநூலைப் பாருங்கள். பதினான்கு கோல் என்ற வரம்பு இரு பாலார்க்கும் ஒன்று. 'பட்டர்' ஒழிந்த கோல் 48 அங்குலத்துக்கு மேற்படலாகாது என்பதும் இரு பாலார்க்கும் ஒன்று. உயர்மட்டப் போட்டிகளில் அதனை 46 அங்குலமாகக் குறைப்பதற்கு 2022 முதல் இடமளிக்கப்பட்டது. அதிலும் பால் வேறுபாடு இல்லை. பந்து 45.93 கிராமுக்கு மேல் நிறுக்கலாகாது. குழியின் விட்டம் 108 மில்லிமீற்றர். இவையும் பொது. பெண்கள் பெரும்பாலும் குழிக்குச் சற்று அண்மையான இடத்திலிருந்து ஆட்டந் தொடங்குவர். அது மைதானத்தின் ஏற்பாடு. பெண்கோல் என்ற சொல் விதிநூலில் இல்லை; கடையிலேயே உண்டு.

கடைக்காரர் அச்சொல்லை எங்ஙனம் பெற்றார்? முற்காலத்தில் 'ஹிக்கரி' மரத்தாலே தண்டு செய்தார்கள். கொல்லனும் தச்சனும் ஒருவராகிய கைவினைஞர், ஆடுவோரை முன்னே நிறுத்தி, அவர் கைக்கேற்ப இழைத்துக் கொடுத்தார். உருக்குத் தண்டை அமெரிக்க ஆட்சிக்குழு 1924இலும், பிரித்தானிய ஆட்சிக்குழு 1929இலும் ஏற்றன. பின்பு தொழிற்சாலை ஒரே அளவாக ஆயிரக்கணக்கிலே செய்தது. ஆயிரம் பேரையும் முன்னே நிறுத்த முடியாதாகையால் தொழிற்சாலை இரண்டு பொம்மைகளைக் கற்பித்துக்கொண்டது. ஒன்று நடுத்தர உயரமுள்ள ஆண். மற்றது நடுத்தர உயரமுள்ள பெண். அவ்விரு பொம்மைகளின் அளவையே நாம் ஆண்கோல் பெண்கோல் என்கிறோம்.

ஆனால் மனிதர் பொம்மைகள் அல்லர். அமெரிக்கத் தொழில்முறை ஆண்கள் டிரைவரைச் சுழற்றும் வேகம் சராசரியாக மணிக்கு 185 கிலோமீற்றரை அடுத்தது. தொழில்முறைப் பெண்களின் வேகம் 150ஐ அடுத்தது. பொழுதுபோக்காக ஆடும் சாதாரண ஆணின் வேகமும் ஏறக்குறைய அந்த 150ஏயாம்! அவ்வாடவனுக்கும் அத்தொழில்முறைப் பெண்ணுக்கும் வேண்டிய தண்டு ஏறக்குறைய ஒன்றே. தொழில்முறைப் பெண்களிற் பலர், கடையிலே பெண்கோல் என்று பெயர்சூட்டி வைத்ததைத் தொடுவதில்லை. அறுபது கடந்த ஆடவர் பலருக்கோ இளகிய தண்டே நன்று. ஆயினும் பெயருக்கு அஞ்சி அதனை வாங்காது, விறைத்த தண்டோடு போராடித் தோள் நோவர். பெயர் இரு பாலாரையும் கெடுக்கிறது.

ஆதலால் தேர்ந்த பயிற்றுநர், வந்தவர் ஆணா பெண்ணா என்று முதலிற் கேட்பதில்லை. நிமிர்ந்து நிற்கச் சொல்லி, மணிக்கட்டிலிருந்து நிலம்வரை அளக்கிறார். கையின் அகலத்தை அளக்கிறார். சுழற்றும் வேகத்தை அளக்கிறார். அளந்த பின்னரே கோலைத் தருகிறார். அளவு உடம்புக்கு உரியது. பால் கோலுக்கு உரியதன்று.

இப்பெயரின் வரலாற்றையும் சிறிது நோக்குதல் தகும். ஸ்கொத்லாந்தின் சென் அன்றூஸ் நகரிலே 1867இற் பெண்களுக்கென ஒரு கழகம் அமைந்தது. ஆனால் அவர்கள் ஆடியது குழியருகே பந்தை உருட்டும் ஆட்டம் மட்டுமே. 1890இல் வெளிவந்த ஆங்கில விளையாட்டு நூலொன்றிலே வெல்வுட் பிரபு எழுதியது நினைக்கத்தக்கது. பெண்களின் அடி எழுபது எண்பது யார் தூரம் சென்றாற் போதும் என்பது அவர் கருத்து. காரணம் என்ன? பெண்ணுக்கு வலிமை போதாது என்று அவர் கூறவில்லை. அதனை ஐயுறவில்லை என்றே கூறினார். கோலைத் தோளுக்கு மேலே உயர்த்தினால், பெண்ணுடையிலே அக்காட்சி அழகாயிராதாம்! நோக்குக: குறை கையிலன்று; உடையிலுமன்று; பார்ப்பவர் கண்ணிலே.

மூன்றாண்டு கழிந்தது. 1893இற் பெண்கள் கோல்ஃப் சங்கம் தோன்றி முதலாவது பெண்கள் போட்டியை நடத்திற்று. மார்கரெட் ஸ்கொட் சீமாட்டி என்பார், அதே நீண்ட பாவாடையோடும் இறுக்கிய இடையோடும், கோலைத் தோளுக்கு மேலே உயர்த்தி முதுகுக்குப் பின்னே சாயுமளவு சுழற்றி ஆடினார். அவ்வாண்டும் அதற்கடுத்த ஈராண்டும் அவரே வென்றார். தூரத்தைப் பற்றிய அறிவுரை தானாகவே தூரச் சென்றது. ஆயினும் கதவுகள் எளிதில் திறக்கவில்லை. சென் அன்றூசிலுள்ள பெருங்கழகம் பெண்களை அங்கத்தவராகச் சேர்க்க வாக்களித்தது 2014இலேயாம்.

இவற்றாற் பெறப்படுவது யாது? பெண்ணுக்கென ஒரு கருவியைத் தனியே வைத்தல் இருவகையாய் அமையும். அவள் நன்கு ஆடும்பொருட்டு வைத்தல் ஒன்று; அவள் அதற்குமேல் ஆடாதிருக்கும்பொருட்டு வைத்தல் மற்றொன்று. இரண்டும் புறத்தே ஒன்றுபோலவே தோன்றும். இரண்டும் சிறிய கோலையே நீட்டும். நீட்டுபவர் அளந்து நீட்டினாரா, அளவாது நீட்டினாரா என்பதே வேறுபாடு.

இனி இலக்கணத்துக்கு வருவோம். வடமொழியிலே சொற்களுக்கு இலிங்கம் உண்டு. கோலைக் குறிக்குந் தண்டம் என்னுஞ் சொல் ஆண்பாலில் வழங்க, அதே பொருளுள்ள யஷ்டி என்னுஞ் சொல் பெண்பாலில் வழங்கும். ஐரோப்பிய மொழிகள் பலவும் அத்தகையனவே. தமிழோ பொருளை நோக்கிப் பால் வகுத்தது. மக்களுக்கே ஆண்பால் பெண்பால்; கோல் முதலியன அஃறிணை. ஒன்றாயின் ஒன்றன்பால், பலவாயின் பலவின்பால். கோல் முறிந்தது என்போம். முறிந்தான் என்றும் முறிந்தாள் என்றுங் கூறோம்.

"பண்டிதரே, நிகண்டுகளிலே ஆண்மரம் பெண்மரம் என்ற பாகுபாடு உண்டே?" என்று ஒருவர் வினவலாம். நல்ல வினா. உள்ளே வயிரமுடைய அகக்காழ் ஆண்மரம். வெளியே வயிரமுடைய புறக்காழ் பெண்மரம் என்று கூறுவர். எங்கள் பனையும் தென்னையும் மூங்கிலும் புறக்காழ். இப்பாகுபாட்டிலே வலிமை மெலிமை என்ற பேச்சில்லை. வயிரம் எவ்விடத்தில் என்பதே பேச்சு. பனைவளை தாங்கிய வீட்டில் வாழ்ந்த யாழ்ப்பாணத்தார்க்குப் புறக்காழின் வலிமையை எடுத்துரைத்தல் வேண்டா. இன்னும் ஒன்று. இன்றைய கோல்ஃப் தண்டு உருக்காயினும் இழையாயினும் உள்ளே வெறுங்குழல், வலிமையெல்லாம் வெளியே. நிகண்டின்படி நோக்கின், தொழில்முறை ஆடவன் சுழற்றும் மிக விறைத்த கோலும் பெண்மரமேயாம்! பெயரை நம்பிப் பொருளைத் துணிவார்க்கு நிகண்டு தரும் விடை இது.

எங்கள் வீடுகளையே பாருங்கள். பண்டைய யாழ்ப்பாணத்து வீட்டில் இருந்த கோல்களுள் நிறை மிக்கது எது? உலக்கை. பூண் கட்டிய அவ்வுலக்கை யார் கையில் இருந்தது? பெண்கள் கையில். விடியற்காலையில் இருவர் எதிரெதிர் நின்று, ஓர் உரலில், கை மாற்றி மாற்றி, ஒன்றோடொன்று முட்டாமல் இடித்தார்கள். தலைக்கு மேலே உயர்ந்து இறங்கும் அவ்வுலக்கையைக் கண்டு, தோளுக்கு மேலே உயர்த்துதல் அழகன்று என்று எந்தப் பிரபுவும் நூல் எழுதவில்லை. உழைப்புக்கு உயர்த்தினால் இயல்பு. விளையாட்டுக்கு உயர்த்தினால் அழகின்மை! இந்த நியாயம் ஸ்கொத்லாந்துக்கு மட்டும் உரியதன்று.

கிட்டியடிக்குஞ் சிறுவரும் நமக்கு ஒரு பாடம் கற்பித்தனர். கிட்டி ஆடப் புறப்படும் பிள்ளை, வேலியிலே பூவரசங் கொம்பொன்றை வெட்டித் தன் கைக்கேற்பத் தானே கோல் செய்துகொள்ளும். தமையன் கோல் தம்பிக்கு நீளம். அவன் தனக்கு வேறு வெட்டுவான். எங்கள் கரையிலே மரக்கோலைத் தெரிபவரும் நீரின் ஆழத்தையும் தம் உயரத்தையும் பார்த்தே தெரிவர். கருவியை உடம்புக்கு அளந்துகொள்ளும் அறிவு எங்களுக்குப் புதியதன்று.

இலங்கைக்குக் கோல்ஃப் ஆட்டம் ஆங்கிலேயரோடு வந்தது. கொழும்பிலே 1879இல் தோன்றிய கழகத்தார் முதலிற் காலிமுகத்திடலில் ஆடினர். பின்பு பொரளைப் பக்கத்து றிட்ஜ்வே மைதானத்துக்குச் சென்றனர். களனிவெளிப் புகையிரதப் பாதை அம்மைதானத்தை ஊடறுத்துச் செல்வதைப் பயணிகள் காணலாம். நுவரெலியாக் கழகம் 1889இல் எழுந்தது. அதற்கு முன்னரே 1829இற் கல்கத்தாவிலும், பின்னர்த் தமிழகத்தின் நீலகிரியிலும் கோடைக்கானலிலும் மைதானங்கள் அமைந்தன. கோலைச் சுழற்றியோர் துரைமார். கோற்பையைச் சுமந்தோர் நம்மவர். அப்பையில் இருந்த கோல்கள் ஆண்கோலா பெண்கோலா என்ற வினா சுமந்தவர்க்கு எழவில்லை. இரண்டும் தோளை அழுத்தின.

அந்நிலை மாறியதைக் காட்ட ஓர் உதாரணம் போதும். பெங்களூரைச் சேர்ந்த அதிதி அசோக் என்னும் பெண், 2016இல் றியோ ஒலிம்பிக்கில் ஆடியபோது பதினெட்டு வயதினர். 2021இல் நடந்தேறிய தோக்கியோ ஒலிம்பிக்கில், அறுபது பேர் ஆடிய போட்டியிலே நான்காம் இடம் பெற்றார். ஓர் அடி வித்தியாசத்தாற் பதக்கந் தவறிற்று. தோக்கியோவில் அவருடைய கோற்பையைச் சுமந்தவர் அவர் அன்னையார். நெடுந்தூரம் அடிப்பதில் அப்போட்டியிலே அவர் பின்வரிசையினர். ஆனால் குழியருகே பட்டரைக் கையாளுந் திறத்தில் முன்வரிசையினர். தூரம் குறைந்தவரை நான்காம் இடத்துக்கு உயர்த்தியது கைக்கடங்கிய குறுங்கோல். வலிமையை மட்டும் அளந்து, ஆட்டத்தையே அளந்துவிட்டோம் என்று இறுமாப்போர் இதனைச் சிந்திப்பாராக.

இது காறும் கூறியது எங்கோ உள்ள செல்வர் ஆட்டம் என்று ஆசிரியர் சிலர் கருதலாம். எங்கள் பாடசாலை மைதானத்துக்கு வருவோம். தை, மாசி மாதங்களில் இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் நடைபெறுகின்றன. அவற்றிற் சில கருவிகளுக்கு உலக விதியே பால் நோக்கி அளவு வகுத்திருக்கிறது. வளர்ந்த ஆணின் குண்டு 7.26 கிலோகிராம், பெண்ணின் குண்டு 4 கிலோகிராம். ஈட்டி 800 கிராம், 600 கிராம். பரிதிவட்டம் 2 கிலோகிராம், 1 கிலோகிராம். இங்கே அளவு பொதுவாக வைக்கப்படாவிட்டால் எறிந்த தூரங்களை ஒப்பிட முடியாது. ஆகவே அது நீதி. சிறுவர்க்கு வயதுக்கேற்ப அது மேலுங் குறையும்.

துடுப்பாட்டத்திலோ வேறு. பெண்களின் பந்து 140 முதல் 151 கிராம். ஆண்களின் பந்து 156 முதல் 163 கிராம் வரை. மட்டைக்கோ விதியில் பால் இல்லை. 96.5 சென்ரிமீற்றருக்கு மேல் நீளலாகாது, 10.8 சென்ரிமீற்றருக்கு மேல் அகலலாகாது என்பது இரு பாலார்க்கும் பொது. நிறைக்கு வரம்பே இல்லை. எனவே எந்த மட்டை எந்தக் கைக்கு என்று தீர்மானிக்க வேண்டியவர் ஆசிரியர். இங்கேதான் எங்கள் குறை கிடக்கிறது. பாடசாலை ஒன்றிலே யான் கண்டது இது: ஆண்பிள்ளைகளின் அணிக்குப் புதிய மட்டைகள் வந்தன, அவர்கள் ஆடித் தேய்ந்த, வளர்ந்தோர்க்குரிய பழைய மட்டைகள் பெண்பிள்ளைகளின் அணிக்குப் போயின. பதின்மூன்று வயதுச் சிறுமி அம்மட்டையை உயர்த்துமுன்னே பந்து அவளைக் கடந்தது. வேலியோரம் நின்ற பெரியவர் ஒருவர், "பெண்பிள்ளைகளுக்கு இதெல்லாம் சரிவராது" என்றார். சரிவராதது பிள்ளையா, மட்டையா? மட்டையை எவரும் நிறுத்துப் பார்க்கவில்லை. பிள்ளையை மட்டும் நிறுத்துவிட்டார்கள்.

மாறாக, பெண்பிள்ளை என்றாலே மிகச் சிறிய மட்டையை நீட்டுவோரும் உளர். அணியிலே நெடிதுயர்ந்த பிள்ளை ஒருத்தி இருப்பாள். அவள் அச்சிறு மட்டைக்குக் குனிந்து குனிந்து முதுகு நோவாள். முன்னையது பாராமுகம், பின்னையது தவறான பரிவு. இரண்டுக்கும் வேர் ஒன்றே: அளவாமை.

அளந்தாற் பெறக்கூடியதற்குக் கோலூன்றிப் பாய்தல் நல்ல சான்று. அதுவும் கோல் சார்ந்த விளையாட்டே. ஒலிம்பிக்கில் ஆண்கள் 1896 முதல் அதில் ஈடுபட, பெண்களுக்கு அது திறக்கப்பட்டது 2000இற் சிட்னியிலே. அக்கோலுக்கு நீளத்திலும் பருமையிலும் பொருளிலும் விதி வரம்பில்லை. முன்னாளில் அது மூங்கில், பின்னர் உலோகம், இன்று கண்ணாடி இழை. ஆனால் செய்வோர் ஒவ்வொரு கோலிலும் ஓர் எண்ணைப் பொறிக்கின்றனர். அவ்வெண் அதனை ஊன்றுபவரின் உடல் நிறை. ஆண் என்றோ பெண் என்றோ பொறிப்பதில்லை. தன் நிறைக்குக் குறைந்த கோலை ஊன்றினால் அது முறியலாம். மிகுந்த கோலை ஊன்றினால் அது வளையாது பின்னே தள்ளும். உயிரோடு விளையாடும் இடத்திலே உலகம் பாலைப் பார்க்கவில்லை, அளவைப் பார்த்தது.

இதே விளையாட்டிலேதான் தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியிற் பயின்ற அனித்தா ஜெகதீஸ்வரன், 2010களின் நடுப்பகுதியில் இலங்கையின் பெண்களுக்கான தேசிய சாதனையை ஒருமுறைக்கு மேற் புதுக்கினார். போர் ஓய்ந்து பத்தாண்டு நிறையுமுன், வடக்கின் மண்ணிலிருந்து ஒரு பெண் கோலூன்றி நாட்டிலுள்ள பெண்கள் எல்லாரையும் விட உயரப் பாய்ந்தார். அவர் கையிலிருந்த கோலைப் பெண்கோல் என்று யாரும் கூறவில்லை. கோல் என்றே கூறினர்.

தனி அளவு வேண்டுதல் சமத்துவத்துக்கு முரணன்றோ என்று கேட்பாருக்கு ஒன்று கூறுவேன். வள்ளுவர் நடுவுநிலைமைக்கு உவமையாக எடுத்தது துலாக்கோல். அக்கோல் எல்லாப் பொருளையும் ஒரே நிறையாக்குவதில்லை. ஒவ்வொரு பொருளின் நிறையையும் உள்ளவாறு காட்டுகிறது. எல்லார்க்கும் ஒரே அளவுச் செருப்புக் கொடுத்தல் சமத்துவமன்று; எல்லார் காலையும் அளந்து கொடுத்தலே சமத்துவம்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெரும் பொருட்செலவு வேண்டிய காரியமன்று இது. மட்டை கொடுக்குமுன் பிள்ளையைப் பக்கத்திலே நிமிர்ந்து நிற்கச் செய்து, மட்டையை நிலத்தில் ஊன்றிப் பாருங்கள். பிடியின் முனை இடுப்பு மூட்டை அடுத்து நிற்குமாயின் நீளம் பொருந்தும். மேற்கை ஒன்றினால் அதனைத் தூக்கிச் சில கணம் நிறுத்தச் சொல்லுங்கள். கை நடுங்குமாயின் நிறை பொருந்தாது. பழைய மட்டைகளை இல்லத்துக்கும் பாலுக்குமாகப் பங்கிடாது, அளவுக்கு அளவாக அடுக்கிவையுங்கள். சிறிய உருவமுடைய ஆண்பிள்ளையும் அவ்வடுக்கிலிருந்து வெட்கமின்றித் தனக்குரியதை எடுப்பான். நெடிய பெண்பிள்ளையும் தனக்குரியதை எடுப்பாள். புதிய மட்டை வாங்கும் பட்டியலில், பெண்பிள்ளைகளின் அணிக்கும் முதல்வரிசையில் இடம் வையுங்கள்.

மாணவியின் வினாவுக்கு யான் அளித்த விடை மூன்று வாக்கியம். கோலுக்குப் பால் இல்லை, அளவு உண்டு. அளந்து கொடுத்தவர் ஆசிரியர். அளவாது கொடுத்தவர் கடைக்காரர். அவள் அதனைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, பால்பகா அஃறிணைப் பெயருக்கு உதாரணமாகக் கோலையும் சேர்த்துக்கொள்ளலாமோ என்றாள். சேர்க்கலாகாது, கோல் என்பது ஒருமை, கோல்கள் என்பது பன்மை என்று சொல்ல வாயெடுத்தேன். பின் ஒரு கணம் நினைத்து, 'பத்துக் கோல்' என்று வழங்குகிறோமே, அங்கே கோல் ஒருமையா பன்மையா என்று ஆராய்ந்து வரும்படி வகுப்பு முழுவதற்கும் பணித்தேன். விடை வந்துகொண்டிருக்கிறது. மட்டைகளை நிறுத்து அடுக்கும் வேலையும் அவ்வாறே தொடங்குமாயின், இலக்கணம் மைதானத்துக்கும் பயன்பட்டதென்று மகிழ்வேன்.